சின்னம்மாவுக்கு மட்டும் நோன்பு

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு பெருநாள் இரண்டாக உடைந்தது.

கேரளத்துச் சூரியநெல்லியில் அத்தாவுக்கு மளிகைக்கடை. அம்மாவின் தங்கை பிறந்தது தமிழ்நாட்டுப் போடியில், வாழ்க்கைப்பட்டது எங்கள் பக்கத்து அடிமாலியில். நோன்பு தொடங்கிய வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பெருநாளன்று வந்து கூட்டிப் போவதாக அவள் புருஷன், சின்னத்தா, போனில் சொல்லியிருந்தார்.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு, சின்னம்மா எனக்கு மருதாணி வைக்க உட்கார்ந்தாள். இடக்கை முடிந்து வலக்கையில் ஒரு பூதான் வந்திருக்கும். மாசப்பிறவி கண்டாயிற்று, பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள் என்று மலையாள டிவியில் சொன்னார்கள். பள்ளிவாசலில் தக்பீர் தொடங்கியது. சின்னம்மா மருதாணியைக் கீழே வைத்துவிட்டாள்.

“எங்க ஊர்ல பிறை தெரியலயாம். எனக்கு நாளைக்கு நோன்புதான்.”

“இருக்குற ஊர்க் கணக்குதாம்மா கணக்கு. பெருநாளன்னைக்கு நோன்பு வைக்கக் கூடாது,” என்றார் அத்தா. “நீ அடிமாலிக்கு வாழ்க்கைப்பட்டே ஆறு வருசமாச்சு.”

“இருந்தாலும் நான் போடிக்காரி, மச்சான்.”

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே கேட்டுவிடலாம் என்று அத்தா போனை எடுத்தார். மார்க்க விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காத அம்மா அவரை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். திரும்பி வந்தவர் அப்புறம் பிறையைப் பற்றிப் பேசவே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சக் கைக்கு யார் வைப்பது என்று கேட்டால், “நாளைக்கு வைக்கிறேன்டி” என்கிறாள். பெருநாள் முடிந்த பிறகு மருதாணி எதற்கு? அம்மாவோ பிரியாணிக்கு வெங்காயம் அரிந்துகொண்டே அந்த ஒருத்திக்காக விடியுமுன் சாப்பிடும் சஹர் சோறும் எடுத்து வைத்தாள்.

மறுநாள் தொழுகை முடிந்ததும் சின்னத்தா ஜீப்பில் வந்து இறங்கினார். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

“அவளுக்கு இன்னிக்கு நோன்பு. பெருநாளைக்குத்தான கூட்டிட்டுப் போறேன்னீங்க?”

“பிரியாணி மணக்குற வீட்டுல என்ன நோன்பு?”

அத்தா வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். “அவங்க ஊர்ல பிறை தெரியலயே மாப்ள.”

முந்தின நாள் அவ்வளவு வாதாடியவர்தான். சின்னத்தா சாப்பிடாமலே போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அவர் போன் செய்தபோது, சின்னம்மா பெருநாளுக்குப் பின் வைக்கிற ஆறு நோன்பு பிடிக்கத் தொடங்கிவிட்டதாக அம்மா சொன்னாள்.

அடிமாலிக்குத் திரும்பிப் போக அவளுக்குப் பயம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு மனுஷிக்கு இத்தனை நோன்பு எதற்கு என்ற எரிச்சலில், வேண்டுமென்றே அவள் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து முறுக்குத் தின்றேன்.