நெசப் போலீஸ்

செல்வி, கதிரு… போன வாரம் இந்த நோட்டில் அப்பா உங்கள் இருவருக்கும் என்ன எழுதினேன்? "போலீஸ் என்று போன் வந்தால் நம்பாதீர்கள், கட் பண்ணுங்கள்." இப்போது எனக்கே குழப்பமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் குரல். "சைபர் கிரைம் போலீஸ். உங்க பேர்ல உள்ள சிம் கார்டு…"

விட்டேனா? "வேற ஆளைப் பாரு தாயி!" கட். பிளாக்கும் பண்ணினேன். பரவை மார்க்கெட்டில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

மறுநாள் மார்க்கெட்டுக்கே ஒரு ஏட்டு வந்துவிட்டார்.

"என்னண்ணே, மேடம் கூப்பிட்டா தாயின்னு சொல்லி கட் பண்றீங்களாம்?"

"கார்டைக் காட்டுங்க சார்."

"பைக்ல போலீஸ்னு எழுதியிருக்குல்ல?"

"அதைத்தான் எல்லாரும் எழுதிக்கிறாய்ங்களே!"

கத்தரிக்காய் மூட்டை இறக்கியவர் சிரித்துவிட்டார். ஏட்டு சிரிக்கவில்லை. கார்டைக் காட்டினார்.

சைபர் கிரைம் ஸ்டேஷனில், போன் பண்ணிய அந்த மேடம் விளக்கினார். போன வருஷம் காளவாசலில், ரோட்டோரம் குடை போட்டு விற்றவரிடம் ஒரு சிம் வாங்கினேன் அல்லவா? "ரேகை விழலண்ணே, மறுபடி வைங்க" என்றார். நானும் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன். அந்த இரண்டாவது ரேகையில் என் பெயரில் இன்னொரு சிம்! அதிலிருந்து பேசித்தான், ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவரின் சேமிப்பை யாரோ வழித்திருக்கிறார்கள்.

"பேப்பர்படி பார்த்தா திருடன் நீங்கதான்" என்றார் மேடம்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் தெரிந்தால்…?

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுதிக்கொண்டார். "குடைக்காரன் இருக்குற இடம் தெரியும். ரெண்டு தடவை ரேகை வாங்குனான்னு நீங்க கோர்ட்ல சொன்னாத்தான் கேஸ் நிக்கும். அப்பத் திரும்பக் கூப்பிடுவேன். எடுப்பீங்கள்ல?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நம்பாதேன்னு சொல்றதும் நீங்க, கூப்பிடுறதும் நீங்க. முதல்ல உள்ளூர் ஸ்டேஷன் வழியா ஒரு வார்த்தை சொல்லி விடக் கூடாதா மேடம்?"

"அதைத்தான் நாங்களும் மேல எழுதிக் கேட்டிருக்கோம்…" பெருமூச்சு விட்டார்.

அப்படியானால் உங்களுக்கு நான் என்ன சொல்வது பிள்ளைகளா? கட் பண்ணுங்கள்… அதில் மாற்றமில்லை. ஆனால் கட் பண்ணிய கையோடு பக்கத்து ஸ்டேஷனில் போய்க் கேட்டுவிடுங்கள். திருடன் நம் பயத்தில் பிழைக்கிறான், சரி. நெசப் போலீஸையும் கட் பண்ணும் நம் சாமர்த்தியத்திலும் பிழைக்கிறானே!

திரும்பி வருகையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்தேன். அந்த நம்பரின் பிளாக்கை எடுத்தேன். என்ன பெயர் போடுவது? வெகுநேரம் யோசித்து அடித்தேன் – 'நெசப் போலீஸ்'.