அனஸ்ரேசியாவின் பச்சைக் கார்

ஒஸ்லோவில் அனஸ்ரேசியாவைத் தெரிந்தவர்களுக்கு அவளிடம் ஒரு இத்தாலியக் கார் இருப்பதும் தெரியும். அதைக் கண்ணால் கண்டவர்கள்தான் குறைவு. கலியாணம் கட்டாமலே அறுபதைத் தாண்டியவள், வேலைக்காலம் முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது “உங்கடை மாப்பிள்ளை சுகமோ?” என்று கேட்டால், அது காரைப் பற்றிய விசாரிப்பு. அவளும் முகம் கோணாமல், “தடிமன் பிடிச்சுப் படுத்திருக்கிறார்” என்பாள்.

எழுபதுகளில் இத்தாலியின் மொடேனாப் பக்கம் ஒரு சிறு தொழிற்சாலை இருந்தது. கொஞ்சக் கார்களைச் செய்துவிட்டு நொடித்து மூடிவிட்டார்கள். அதில் ஒன்று எப்படியோ ஒஸ்லோவின் ஹவுகெட்டோவுக்கு வந்து, ஒரு பல் வைத்தியரின் வீட்டுப் பின்பக்கத்தில் பனிக்குள் புதைந்து கிடந்தது. அந்தத் தெருவால் பேருந்து ஓட்டிப்போன அனஸ்ரேசியாவுக்கு, நிலத்தோடு ஒட்டிக்கிடந்த அந்த முன்மூக்கைப் பார்க்காமல் ஒரு வளைவும் திரும்ப மனம் வராது. வைத்தியர் வீட்டை விற்கப் போகிறார் என்று அறிந்ததும் போய்க் கேட்டாள். இடம் காலியானால் போதும் என்ற மாதிரி ஒரு விலைக்கு அவர் கொடுத்துவிட்டார். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. இத்தாலியிலிருந்து சாமான் எடுப்பித்து, ஒரு வயதான நோர்வே மெக்கானிக்கோடு பல குளிர்காலங்கள் மினக்கெட்டு அதை ஓடவைத்தாள்.

பெயின்றில் மட்டும் கைவைக்கவில்லை. பாசிப்பச்சை நிறம் வெளிறி, எஞ்சினை மூடும் பொனெற்றில் காய்ந்த குளம்போல வெடித்திருந்தது. முதலில் அதற்குக் காரணம் கையில் காசில்லாமை. பிறகு ஒருமுறை பழைய கார்களின் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது ஒருவர் அந்த வெடிப்புகளை மண்டியிட்டுப் பார்த்துவிட்டு எழும்பினார். தொழிற்சாலையில் அடித்த பெயின்ற் அப்படியே இருக்கும் இந்த வகைக் கார் வேறெங்கும் இருப்பதாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார். இதை யாரும் தொட விடாதே என்றும் சொல்லி, அதன் விலையையும் சொன்னார். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் பேருந்துகள்கூட முந்திப்போகும்படி மெதுவாக ஓட்டினாள்.

அந்த விலையை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. தம்பி லூக்காசுக்கும்.

லூக்காஸ் அவளுக்குப் பன்னிரண்டு வயது இளையவன். மன்னாரிலிருந்து அவனைக் கூப்பிட்டு, படிப்பித்து, ஆளாக்கியவள் அவள்தான். கிழக்கு ஒஸ்லோவில் கார்களுக்குப் பெயின்ற் அடிக்கும் சொந்த வேலைத்தலம் வைத்திருந்தான். தொழிலில் குறை சொல்ல இடம் வைக்காதவன். ஊரார் கார்களையெல்லாம் கண்ணாடிபோல ஆக்கிக் கொடுக்கிறவனுக்கு அக்காவின் கார் மட்டும் சொறிபிடித்த மாதிரி நிற்பது மானப்பிரச்சினையாக இருந்தது. ஒரு சதமும் வேண்டாம், நான் அடித்துத் தருகிறேன் என்று ஆண்டுதோறும் கேட்பான். “பிறகு பாப்பம் தம்பி” என்பாள் அவள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பானே.

இந்த வருடம் அவளுக்கு முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சை வந்தது. ஓய்வு பெறும் காலமும் நெருங்கியிருந்தது. இனி இந்தக் காலை வைத்துக்கொண்டு கிளச் மிதிக்க ஏலாது என்று நினைத்தவள், ஸ்ரொக்ஹோமில் இருந்த ஒரு மதிப்பீட்டாளருக்கு எழுதினாள். ஓக்கர்மான் என்ற அந்த ஸ்வீடன்காரர் படங்களைப் பார்த்த உடனேயே, கார் படங்களில் உள்ளபடி இருந்தால் வாங்க ஆள் தயாராக இருக்கிறது, நேரில் வருகிறேன் என்று பதில் போட்டார். பற்றரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும்படி கராஜ் பூட்டின் திறப்பை லூக்காசிடம் கொடுத்துவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்து நடைப்பயிற்சி நிலையம். வீடு வந்த மறுநாளே ஓக்கர்மானும் வருவதாக இருந்தது.

காரைப் பார்க்க ஒருத்தர் வருகிறார் என்று மட்டும் தம்பியிடம் சொன்னாள். அவன்தான் ஸ்டோவ்னர் பகுதியில் இருந்த கராஜுக்கு அவளை ஏற்றிவந்தான். வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

கராஜுக்குள் கார் துணிபோர்த்து நின்றது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஓக்கர்மான் துணியைப் பிடிக்கப் போக, லூக்காஸ் பணிவாக அவரைத் தடுத்தான்.

“அக்கா, நீங்களே எடுங்கோ.”

ஒரு கையில் ஊன்றுகோலோடு மற்றக் கையால் அவள் துணியை இழுத்தாள்.

சிவப்பு.

வேறு யாருடைய கராஜையோ திறந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். இலக்கத்தகட்டைப் பார்த்தாள். அவளுடைய இலக்கம்தான். அதன் பிறகுதான் பெயின்ற் மணம் மூக்கில் ஏறியது. பொனெற்றில் அவளுடைய முகம் தெரிந்தது. அந்தக் காரில் அவள் தன் முகத்தை ஒருநாளும் கண்டதில்லை. துணியின் நுனியை விடாமல் பிடித்தபடி நின்றாள். 

லூக்காஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா சந்தோசத்தில் வாயடைத்து நிற்கிறாள் என்றே நினைத்தான்.

ஓக்கர்மான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். பெயின்றின் தடிப்பை அளக்கும் சிறிய கருவியைக் கதவில் வைத்தார், கூரையில் வைத்தார், கையுறையைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் வைத்தார். இதை யார் செய்தது என்று கேட்டார். அவர் பேசிய ஸ்வீடன் பாசை நோர்வே பாசை தெரிந்தவர்களுக்கு விளங்கும். லூக்காஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நான்தான் என்றான். அடியில் பழைய பச்சை மிச்சம் இருக்கிறதா என்று அவர் கேட்டபோது இன்னும் உற்சாகமானான். நான் மேலால் அடித்துச் சமாளிக்கிற ஆளில்லை, ஒரு பொட்டுக்கூட விடாமல் தகரம் வரைக்கும் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடித்தேன், கதவின் உட்பக்கம்கூட விடவில்லை என்றான்.

அலட்சியமாக மேலால் அடித்திருந்தால் பச்சையைத் திரும்ப வெளியே எடுத்திருக்கலாம். இவன் அவள்மேல் வைத்த பாசத்தில் குறையில்லாமல் செய்திருந்தான்.

ஓக்கர்மான் அவளை வாசல்பக்கம் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தன் ஆள் இன்னும் வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு இல்லை. போன அந்தப் பங்குக்கு ஸ்டோவ்னரில் ஒரு வீடு வாங்கலாம். அவள் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தாள். 

திரும்பிப் பார்த்தபோது லூக்காஸ் கராஜின் சீமெந்துத் தரையில் குந்தியிருந்தான். அவர் சொன்னது அவனுக்கும் கேட்டிருந்தது.

“எப்ப தொடக்கம் உங்களுக்கு இது தெரியும்?”

“கொஞ்சக் காலமா.”

“என்னட்டை ஏன் சொல்லேல்லை?”

அவன் திறப்பை அவளுடைய கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். ஓக்கர்மான்தான் அவளுக்கு ரக்சி பிடித்துக் கொடுத்தார்.

அதன் பிறகு லூக்காஸ் தொலைபேசி எடுக்கவில்லை. அவனுடைய மனைவி யூலியா ஒருநாள் கறிச்சட்டியோடு வந்தாள். வந்தவள் அழுதாள். அவர் சாப்பாட்டைத் தொடுகிறாரில்லை மச்சாள், சிவப்புக் காரைப் படமெடுத்து முகநூலில் போட்டு எல்லாரும் புகழ்ந்திருந்தார்கள், அதையும் அழித்துவிட்டார் என்றாள். அனஸ்ரேசியாவுக்கு அதைக் கேட்ட பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஊன்றுகோலோடு ரயிலேறி அவனுடைய வேலைத்தலத்துக்குப் போனாள்.

அவன் ஒரு கார்க் கதவில் பெயின்ற் படக்கூடாத இடங்களுக்குக் கடதாசி ஒட்டிக்கொண்டு நின்றான். அக்காவைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டான்.

“வேலை நல்ல வேலை தம்பி” என்றாள்.

“அதுதானே வினை.”

அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். பிறகு, ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூட நினைக்கத் துணியாத ஒன்றைச் சொன்னாள்.

“சொன்னா நீ காசு கேப்பாயெண்டு பயந்தனான்.”

லூக்காஸ் கையிலிருந்த கடதாசிச் சுருளைக் கீழே வைத்தான். அடிபட்டவன் மாதிரி நின்றான். கோபம் வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள்.

“கேட்டிருப்பன் அக்கா” என்றான் கடைசியாக. “இந்த வேலைத்தலத்தை வாங்கேக்கை காசில்லாமல் திண்டாடினனான், கட்டாயம் கேட்டிருப்பன்.”

அது அவளை எல்லாவற்றையும்விட உலுக்கியது. அவன் மறுப்பான், சத்தியம் பண்ணுவான், தான் கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்திருந்தாள். அவனோ உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு ஈரக்கண்ணோடு நிற்கிறான். “கேட்டிருந்தா குடுத்திருப்பன்” என்றாள். சொன்ன பிறகுதான், அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

விற்பனை இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போனது. அந்தக் கோடையில் லூக்காஸ் ஓட்ட, அவள் பக்கத்தில் இருந்து, கடலோரமாக எங்கெங்கோ போய்வந்தார்கள். முந்தியென்றால் வானம் கறுத்தாலே காரை வெளியே எடுக்கமாட்டாள். ஒருநாள் நல்ல மழை பிடித்தது. திருப்பவா என்று அவன் கேட்டான். போவோம் என்றாள். ஓட்டுகிற இருக்கையில் இல்லாமல், பக்கத்து இருக்கையிலிருந்து அவள் அந்தக் காரின் வெளியே பார்த்தது அந்தக் கோடையில்தான்.

ஓக்கர்மானின் ஆள் குறைந்த விலைக்கே வாங்கிக்கொண்டார். அதுவும் சின்னக் காசில்லை. அவள் கேட்காமலே ஒரு பங்கை லூக்காசுக்குக் கொடுக்க, அவன் மாட்டேன் என்று ஒருமாதம் சண்டை பிடித்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

பனிக்காலத்தில் ஓக்கர்மானிடமிருந்து ஒரு படம் வந்தது. புதுச் சொந்தக்காரர் சிவப்பை எடுத்துவிட்டுத் திரும்பவும் பாசிப்பச்சை அடிப்பித்திருந்தார். லூக்காஸ் அதைக் கைப்பேசியில் பெருப்பித்துப் பெருப்பித்து வெகுநேரம் பார்த்தான்.

“கதவடியிலை பெயின்ற் அலையலையா நிக்குது” என்றான். “ஆர் அடிச்சவனோ தெரியாது.”

அனஸ்ரேசியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு ஒரு அலையும் தெரியவில்லை. “ஓம், சரியில்லைத்தான்” என்றாள்.