மூன்றாம் மாடியில் கூப்பிட்ட பெயர்

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஜொகூர் பாருவில் பழைய கட்டடங்களை இடிப்பதற்கு முன், உள்ளே கிடக்கும் இரும்பு, மரம், ஒயர் எல்லாவற்றையும் கழற்றி லோரியில் ஏற்றுவதுதான் என் தொழில். பயந்தால் சோறு கிடையாது.

அந்த மூன்று மாடிக் கட்டடம் முதலில் பிரசவக் கிளினிக்காக இருந்ததாம், பிறகு தங்கும் விடுதி, அப்புறம் மெத்தைக் கடை, கடைசியில் சன்னல்களை அடைத்து, சூப்புக்கு விற்கிற பறவைக்கூடு வளர்க்கிறேன் என்று ஒருவர், குருவிகளை வரவழைக்க நாள் முழுக்க ஒலிபெருக்கியில் கீச்சுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் சரிப்படாமல், கார் நிறுத்துமிடத்துக்கு விற்றுவிட்டார்கள்.

எங்கள் வேலையின் கடைசி நாள், பகல் பதினோரு மணி இருக்கும். ஒலிபெருக்கிகளை முந்தின நாளே நான்தான் கழற்றியிருந்தேன், மின்சாரமும் கிடையாது. மூன்றாம் மாடியில் மெத்தைக் கடைக்காரர் அடித்திருந்த பலகைச் சுவரைப் பெயர்த்தால், பின்னால் பச்சை ஓடு பதித்த ஒரு சின்ன அறை. உள்ளிருந்து ஒரு பெண் குரல், வேலை செய்து களைத்த தாதியின் குரல் மாதிரி, "ரெங்கம் அஞ்சலை, வாங்க" என்றது.

அஞ்சலை என் அம்மா பெயர். ரெங்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். மாதாமாதம் அவரைச் சர்க்கரை நோய்க்காகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறவன் நான், பெயர் கூப்பிட்டதும் வாய் தானாகவே "வர்றாங்க" என்றது. சொன்ன பிறகுதான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அறையில் ஒருவரும் இல்லை.

கீழே ஓடிவந்து, கூட வேலை செய்யும் மணியத்திடம், "மேல யாராச்சும் ஏறினாங்களா?" என்றேன்.

"நீதான் தனியா பேசிக்கிட்டு இருந்த. என்னா உனக்கு?" என்றான்.

வீட்டில் அம்மாவிடம் வேடிக்கை போலத்தான் சொன்னேன். அவர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அது எந்தக் கட்டடம் என்று கேட்டார். சொன்னேன்.

"உனக்கு முன்னாடி ஒரு பொம்பளப் புள்ள. அங்கதான் பொறந்துச்சு. விடிஞ்சப்ப உசுரு இல்லன்னுட்டாங்க. மொகத்த காட்டுறோம், உங்க பேர கூப்பிடுவோம், உக்காருங்கன்னாங்க. உங்கப்பாதான், பஸ்ஸு போயிடும்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு."

நாற்பது வருடமாக என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கூப்பிட்டதுக்கு நீ என்னா சொன்ன?" என்றார்.

"வர்றாங்கன்னு சொல்லிட்டேன்மா."

"அப்ப போவணும்லா."

மறுநாள் காலை லோரியிலேயே கூட்டிப்போனேன். அதற்குள் இடிக்கிற இயந்திரம் வேலையை ஆரம்பித்திருந்தது, மூன்றாம் மாடியே இல்லை. அம்மா தனியாகப் போய்த் தகர வேலி ஓரம் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வரும்போது முந்தானையை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

"மெதுவா சாத்துப்பா," என்றார்.

சத்தம் வராமல் சாத்தினேன்.

இதெல்லாம் மனசுதான் என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். போன மாதம் மத்தியானம் காற்றில் எங்கள் வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உடனே அம்மாவின் அறைக்குள்ளிருந்து, குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல மெத்தையில் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. அம்மா அப்போது சமையலறையில் என் பக்கத்தில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.