நடுப்பக்கத்து முகம்

இன்று செவ்வாய், காலை 8.40, கிண்ணியா பஸ். ஒரு முகம், இரண்டு ஸ்டேப்ளர் பின்.

சஞ்சிகைக்குப் பக்கம் வடிவமைப்பது என் வேலை. போன இதழில் மீனவர்களைப் பற்றிய கட்டுரைக்கு ஒருவருடைய முகத்தை நடுப்பக்கம் இரண்டிலும் பெரிதாகப் பரப்பினேன். புரட்டுகிற கை அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் யோசனை. இதழ் வந்த கிழமையே அவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

இன்று பக்கத்து சீட்டில் அவருடைய மனைவி. என் அலுவலக அட்டையைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து இதழை எடுத்தார்.

"தம்பி, இது நீங்க செஞ்சதா?"

"ஓம் அக்கா." பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"வீட்டுல அவர்ட படம் வேற இல்ல. அடையாள அட்டையும் அவரோட போயிட்டு. இத பிரேம் போடக் கடைக்குக் கொண்டு போனன். ஏலாதாம். பின்னைக் கழட்டினா கன்னம் கிழியுமாம்."

"நடுப்பக்கம் எண்டா பின் வரும்தானே அக்கா" என்றேன். முட்டாள் பதில்.

"அது எனக்கு விளங்குது தம்பி. மகள்தான் கேக்கிறா, வாப்பாக்கு நோகாதா எண்டு."

பாலம் தாண்டுமுன் அவருடைய வீட்டு முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

இனிச் செய்யப்போவது:

1. மூலப் படத்தை இன்றே முழுதாக அச்செடுப்பேன்.
2. பிரேம் போட்டு நாளை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.
3. நடுப்பக்கத்தில் இனி கடலும் வலையும்தான். முகம் வராது.
4. பழைய இதழ்களைப் புரட்டி, இன்னும் எத்தனை பேருடைய முகத்தில் குத்தியிருக்கிறேன் என்று எண்ணுவேன். பக்கம் அமைக்கிறவர்கள் உங்களுடையதையும் எண்ணிவிட்டுக் கீழே சொல்லுங்கள்.