ஆளுக்கொரு செருப்பு

இன்றைக்கும் உகோமா இடது காலில் பழுப்புச் செருப்பும் வலது காலில் கறுப்புச் செருப்புமாகத்தான் வந்தாள். மழைக்காலத்தில் எங்கள் ஆபா ஊர் அரியாரியா சந்தை முழுக்கச் சேறு. நாங்களெல்லாம் பலகை போட்ட இடமாகப் பார்த்துத் தாவித் தாவி வருவோம். அவள் எங்கே ஆழமோ அங்கே பார்த்து மிதிப்பாள். புது மாதிரி ஒன்று தைத்தால், ஒரு வாரம் தன் காலில் மாட்டி இப்படி நடந்து பார்க்காமல் விற்பனைக்கு வைக்கமாட்டாள். ஒரே சமயத்தில் இரண்டு மாதிரிகளைச் சோதிப்பதால் அவளுடைய இரண்டு கால்களும் ஒத்துப்போன நாளே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் இதே கோலம்தான்.

"ஏன் உகோமா, இன்னைக்கும் ஜோடி கிடைக்கலையா?" என்று யாராவது கேட்காத நாளில்லை.

"ரெண்டு கால் இருக்கில்ல, ஆளுக்கொரு வேலை குடுத்திருக்கேன்" என்பாள்.

அவள் கடைக்கு நேர் எதிர்க்கடை என்னுடையது. என் பெயர் ஓகெரே. இருபத்திரண்டு வருஷமாகச் செருப்புத் தைக்கிறேன். அவள் எட்டு வருஷம். அவளைப் பற்றி எழுதித் தரச் சொல்லி இந்தப் பத்திரிகைக்காரர் வரிசையில் இத்தனை பேரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். சரியான ஆளிடம்தான் வந்தார். வயிற்றெரிச்சல்காரனைப் போல உற்றுப் பார்க்கிறவன் உலகத்தில் கிடையாது.

பார்த்ததைச் சொல்கிறேன். ஒல்லி உடம்பு, பெரிய சிரிப்பு. தலைத்துணிக்குள் பென்சிலைச் செருகிவிட்டு மறந்து, இன்னொன்று எடுத்துச் செருகுவாள். சனிக்கிழமை துணியை அவிழ்த்தால் மூன்று பென்சில்கள் விழும். கடையின் பின்சுவரை இடித்துக் கம்பி வலை அடித்திருக்கிறாள். பசை வாடை ஆட்களின் தலைக்கு ஏறக்கூடாதாம். நாங்கள் அதே வாடையில் பிறந்து வளர்ந்தவர்கள், எங்களுக்கு என்ன கெட்டுப்போயிற்று? சாயங்காலமானால் தலைவலி மாத்திரை போடுவோம், அவ்வளவுதான்.

ஒரு மணி அடித்தால் அவள் கடையில் ஜெனரேட்டர் நின்றுவிடும். ஒன்பது பேரும் உட்கார்ந்து, வாழையிலையில் வெந்த பயற்றுமாவு ஒக்பாவைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். என் ஆட்கள் ஒரு கையில் சுத்தியலோடு நின்றபடி அதைப் பார்ப்பார்கள். "சத்தத்துல சாப்பிட்டா சோறு காதுக்குள்ள போயிரும் அண்ணே" என்று எனக்கு ஒரு விளக்கம் வேறு.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். முத்திரையைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பவர்லைன் செருப்புக்கடை வரிசையில் எந்தச் செருப்பைத் திருப்பினாலும் உள்தோலில் தங்க எழுத்தில் 'இத்தாலி' என்று இருக்கும். என் அண்ணன் காலத்திலிருந்தே அப்படித்தான். துவாலாவிலிருந்தும் அக்ராவிலிருந்தும் வரும் வியாபாரிகள் தோலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் எழுத்தைத்தான் பார்ப்பார்கள். எங்கள் வரிசையில் இதற்கு ஒரு சட்டமும் உண்டு. தூரத்து ஊர்க்காரன் பெயரை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். பக்கத்துக் கடைக்காரன் பெயரைப் போட்டால் கடைக்குப் பூட்டு.

உகோமா வந்த புதிதில் 'ஆபாவில் செய்தது' என்று நம் ஊர்ப் பெயரையே முத்திரையாக வெட்டிக்கொண்டு வந்தாள். அதற்குக் கீழே தைத்தவர் பெயர், கடை எண். வரிசையே சிரித்தது. அதிகம் சிரித்தவன் நான்தான். "நம்ம ஊர்ப் பேரைப் போட்டா நாயாவது வாங்குமா?" என்று கேட்டேன்.

"நாய்க்கு நாலு வேணும் அண்ணே, பெரிய ஆர்டர்" என்றாள்.

ஐந்து மாதம் ஒரு ஜோடி நகரவில்லை. விடிந்ததும் சந்தை வாசலில் அக்காரா வடை சுட்டு விற்று, அதில் ஆட்களுக்குச் சனிக்கிழமைக் கூலி கொடுத்தாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டு, "இத்தாலின்னு போட்டுரு தங்கச்சி" என்று புத்தி சொன்னேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். உள்ளுக்குள் எனக்கு அந்த ஐந்து மாதமும் திருவிழா.

பிறகு ஒரு நாள் எனுகுவிலிருந்து ஒருவர் அறுந்த வாரோடு வந்து சத்தம் போட்டார். அவள் உட்காரவைத்து, தைத்தவனையே கூப்பிட்டு, அவர் கண்ணெதிரில் புது வார் போட்டுக் கொடுத்தாள். மறுவாரம் அவர் தன் மச்சான்கள் நான்கு பேரைக் கூட்டிவந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது. என் செருப்பு அறுந்தால் வாங்கியவன் எந்த பஸ் பிடித்து இத்தாலி போவான்? அவள் செருப்பு அறுந்தால் விலாசம் காலடியிலேயே இருக்கிறது. குறை சொல்ல வந்தவர்களையே வைத்து ஒருத்தி வியாபாரத்தை வளர்த்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்கவும் இல்லை.

என் பட்டறையில் பதினோரு வருஷம் தைத்த ஒன்யேகா அவளிடம் போய்ச் சேர்ந்தான். கூலிக்காகப் போயிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். பெயருக்காகப் போனான். அவன் பெயர் போட்ட முதல் ஜோடியை அவன் அம்மா வாங்கி, காலில் போடாமல், தேவாலயத்துக்குக் கையில் ஏந்திக்கொண்டு போய் எல்லாரிடமும் காட்டினாள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். "பாருங்க ஓகெரே, எம்புள்ள பேரு!" என்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் என் கை தைத்த செருப்புகளை அடுக்கினால் கடலோரம் வரை போகும். ஒன்றில்கூட என் பெயர் இல்லை. அன்று பிரசங்கம் எதுவும் என் காதில் ஏறவில்லை.

போன மாதம் துவாலாக்காரர் ஒருவர் என் கடையில் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தாலியா? ஆபா முத்திரை இல்லையா?" என்று கேட்டார். மறுநாள் உகோமாவின் கடையில் ஒன்யேகா தைத்த செருப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒனிச்சாவுக்கு பஸ் ஏறினேன். முத்திரையை இங்கே வெட்டினால் தெரிந்துவிடும்.

முத்திரை வெட்டுகிறவன் உள்தோலைப் பார்த்துவிட்டு, "ஊர்ப் பேரு சரி. கீழ இருக்கிற ஆள் பேரு என்ன போடணும்?" என்றான்.

"அப்படியே வெட்டு" என்றேன்.

அந்தக் கிறுக்குத்தனத்தை என்னவென்று சொல்வது! ஊர்ப் பெயர் எல்லாருக்கும் பொது. கீழே 'ஓகெரே' என்று போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. இருபத்திரண்டு வருஷம் மாதிரியில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்த கைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ராத்திரியும் பகலுமாக நானே தைத்தேன், என் தையலின் மேல் ஒன்யேகாவின் பெயரைப் பொறித்து, வெளியூர் வியாபாரிகளுக்கு விற்றேன்.

நேற்று முன்தினம் உமுவாஹியாவிலிருந்து ஒரு டீச்சரம்மா பழுப்புச் செருப்பைத் தூக்கிப் பிடித்தபடி வரிசைக்குள் வந்தார். இடது செருப்பின் அடி பாதி பிரிந்து வாயைத் திறந்திருந்தது. "யாருய்யா அந்த ஒன்யேகா? பிள்ளைங்க முன்னால கால் தடுக்கி விழுந்தேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் எங்கள் வரிசைத் தலைவர் மாசி ஒகோரியும் வந்துவிட்டார்.

ஒன்யேகா செருப்பை வாங்கித் திருப்பினான். தையலை விரலால் தடவிப் பார்த்தான். "அக்கா, இது என் தையல் இல்ல. சத்தியமா இல்ல."

நான் இடதுகைக்காரன். என் தையலில் நூல் எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கும். என் பட்டறையில் பதினோரு வருஷம் இருந்தவனுக்கு அது தெரியாதா? அவன் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தான். நான் குனிந்து, ஏற்கெனவே அடித்த ஆணியை மறுபடி அடித்தேன்.

மாசி ஒகோரி கேட்டார்: "உகோமா, இது உன் கடைச் செருப்பா? இல்லேன்னா சொல்லு. எவன் கடைன்னு கண்டுபிடிச்சு இப்பவே பூட்டுப் போடறேன்."

உகோமா நூலை நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் என் கடை, என் ஆட்கள், என் வீட்டு வாடகை எல்லாம் என் கண்முன் வந்து போய்விட்டன.

"என் கடையில தைக்கல மாசி. ஆனா என் கடை நம்பரைப் பார்த்து வந்திருக்காங்க, அவங்களைச் சும்மா அனுப்ப முடியாது. யார் தைச்சதுன்னு நானே பேசிக்கறேன், விடுங்க" என்றாள். டீச்சரம்மாவுக்குப் புது ஜோடி எடுத்துக் கொடுத்தாள். ஒன்யேகாவைப் பக்கத்தில் நிறுத்தி, "இவர் தைச்சது இப்படி இருக்கும் டீச்சர், இழுத்துப் பாருங்க" என்று இழுக்க வைத்தாள். மாசி முணுமுணுத்துக்கொண்டே போனார். ஒன்யேகா மட்டும் அன்று ஒக்பா சாப்பிடவில்லை.

சாயங்காலம் தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தாள். கையில் அந்தப் பழுப்புச் செருப்பு, அடி ஒட்டியிருந்தது. அவள் திட்டினால் என்ன திருப்பித் திட்டுவது என்று மதியத்திலிருந்து யோசித்து வைத்திருந்தேன்.

"தையல்ல ஒரு குத்து தப்பில்ல அண்ணே. என் கடையில இப்படித் தைக்க ஆள் இல்ல. பசை காயறதுக்குள்ள அச்சுக்கட்டையை உருவிட்டீங்க, அதான்."

இதை எழுதும்போதும் அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை. திட்டியிருக்கலாம். மாசியிடம் சொல்லியிருக்கலாம். இதை அச்சில் படித்துவிட்டு அவர் பூட்டோடு வந்தால் வரட்டும். அவள் கொடுத்த தர்மத்தில் கடை நடத்துவதைவிட அது மேல்.

"நாளைக்கு ஒன்யேகாகிட்ட நீங்களே பேசிருங்க" என்றாள். பிறகு தன் இடது காலில் இருந்த செருப்பைக் கழற்றி என் பலகை மேல் வைத்தாள். என்னுடையதைக் கீழே போட்டு, காலை நுழைத்து, வாரை இறுக்கினாள். "ஒரு வாரம் போட்டுப் பார்க்கறேன். தாங்கிச்சுன்னா, கீழ என்ன பேர் போடணும்னு யோசிச்சு வைங்க."

வெளியே மழை விட்டிருந்தது. பத்தடி தள்ளி, கணுக்கால் ஆழத்துக்கு ஒரு குட்டை. பக்கத்திலேயே பலகை கிடந்தது. அவள் பலகையைக் காலால் ஒதுக்கிவிட்டு, என் செருப்பை மாட்டிய காலைத் தூக்கி, குட்டையின் நடுவில் அழுத்தி வைத்தாள்.