மாவுக்கட்டும் மாவுப்பூச்சியும்

பம்மலுக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே பன்னிரண்டு வருடமாக ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர் ஜீவானந்தம். ஒரு மழை நாளில் வண்டி பள்ளத்தில் இறங்கிச் சாய, இடது கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. மனைவி தனம் எட்டு மணிக்கெல்லாம் தையல் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு முதல் மாடி பால்கனியில் அவரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான்.

மூன்றாவது நாள், கீழ் வீட்டு ரோஸி டீச்சர் ஒரு செடித் தொட்டியைத் தூக்கிவந்து குப்பைத் தொட்டியை ஒட்டி வைப்பதைப் பார்த்தார்.

"டீச்சர், அத்த ஏன் கடாசுறீங்க?"

"பூச்சி அரிச்சுடுச்சு ஜீவானந்தம். கடை மருந்து அடிச்சும் போகல. என் பொண்ணு கல்யாணமாகிப் போறப்ப வெச்சுட்டுப் போன செம்பருத்தி. கண்ணு முன்னாடி சாகறதப் பார்க்க முடியல."

"எங்கிட்ட குடுங்க. எனுக்கு வேற இன்னா வேல கீது?"

பிறந்ததிலிருந்து ஒரு புதினாத் தண்டுகூட நட்டதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டார். தண்டெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. சத்து ஏறட்டுமென்று அன்று மாலை மிச்சமிருந்த டீயை வேரில் ஊற்றினார். பாலும் சர்க்கரையும் போட்ட டீ. காலையில் பால்கனி முழுக்க எறும்பு.

தனம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "கால்ல மாவுக்கட்டு, செடியில மாவுப்பூச்சி. நல்ல ஜோடிதான்யா!"

அந்தக் கேலி அவரை உசுப்பிவிட்டது. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், பூண்டையும் பச்சை மிளகாயையும் மிக்ஸியில் அரைத்து வடிகட்டினார். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் நிரப்பி, செடியைக் குறிபார்த்து ஓங்கி அழுத்தினார். எதிர்க்காற்று. சாறு மொத்தமும் முகத்துக்கே திரும்பியது.

"ஐயோ... யம்மா!"

அவர் விழுந்துவிட்டார் என்று நினைத்து ரோஸி டீச்சர் மாடிக்கு ஓடிவந்து, குடத்துத் தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்டார். கண் சிவந்து நீர் வழிய, ஜீவானந்தம் சிரித்தார். "டீச்சர், எனுக்கே இப்டி எரியுதே, பூச்சிக்கு இன்னா ஆவும்!"

அதன்பிறகு நிதானம் வந்தது. ஒரு பங்கு சாற்றுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், நாலு சொட்டு சோப்புக் கரைசல். முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்துவிட்டு ஒரு நாள் காத்திருந்தார். இலை கருகவில்லை. பழைய டூத்பிரஷ்ஷால் தண்டைத் தேய்த்துவிட்டு, முழுச் செடிக்கும் தெளித்தார். அரிசி களைந்த தண்ணீரைத் தனம் கீழே கொட்டப் போனால், "ஏய், அது செடிக்கு!" என்று கத்துவார். பத்து நாளில் வெள்ளை மறைந்தது. மூன்றாவது வாரம், காய்ந்த கணு ஒன்றில் நகத்தளவு பச்சை. வேலையில் இருந்த தனத்துக்கு போன் போட்டார்.

"இன்னாய்யா, கால் வலிக்குதா?"

"காலு கெடக்குது. இல வந்துகினு கீது தனம், புது இல!"

பிறகு மொட்டுகள் வந்தன. எண்ணினார், ஏழு. ஆனால் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தது. ஐந்து போனபோது அவர் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை தனம் கேலி செய்யவில்லை. ஃபிரிட்ஜில் பின்னால் தள்ளிக் கிடந்த புளித்த மோரை எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை பெருங்காயம் கரைத்துக் கொண்டுவந்தாள்.

"கம்பெனியில எப்சி அக்கா கத்திரிச் செடிக்கு இததான் அடிக்கிறாங்களாம். பூ கொட்டலயாம். அடிச்சுப் பாரு."

மீதி இரண்டு மொட்டும் நின்றன. நான்கு நாளில் ஒன்று எலுமிச்சை அளவு பருத்தது. ஐந்தாம் நாள் காலை ஏழரை மணிக்கு ஜீவானந்தம் கதவைத் திறந்தார். மஞ்சள் அடுக்கு, உள்ளே லேசான சிவப்பு, உள்ளங்கை நிறைய ஒரு பூ.

ரோஸி டீச்சர் பள்ளிக்குக் கிளம்பி கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"டீச்சர்! போவாதீங்க! மேல வாங்க!"

வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்து மகளுக்கு வீடியோ கால் போட்டார். "ஜெரூஷா, உன் செடிடி... இங்க பாரு!" மறுமுனையில் மகள் கத்திய கத்தலில் தனம் தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"எடுத்துக்கினு போங்க டீச்சர், உங்குளுதுதான்" என்றார் ஜீவானந்தம். சொல்லும்போதே குரல் இறங்கியது.

டீச்சர் தலையை ஆட்டினார். "வேணாம், இங்கயே இருக்கட்டும். தினமும் வந்து பார்த்துக்கறேன். அதுக்குப் பதிலா என் மணி பிளான்ட்டையும் கொஞ்சம் பாருங்க. இலையெல்லாம் மஞ்சளாகுது."

செய்தி தெருவில் பரவியது. துளசி, ரோஜா, கற்றாழை என்று பால்கனியில் நோயாளிகள் வரிசை கட்டினார்கள். கட்டுப் பிரித்து, கால் தேறி, வண்டி எடுத்த முதல் நாள், பல்லாவரம் ஸ்டாண்டில் ஒரு பெண் வாடிய கறிவேப்பிலைத் தொட்டியை மடியில் வைத்தபடி ஏறினாள். அவரை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, செடி டாக்டருன்னு சொல்றாங்களே, நீங்கதானா?"

ஜீவானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தாம்மா! மொதல்ல சொல்லு, தொட்டி அடியில ஓட்ட கீதா?"

"இல்லையே..."

"அதான் மேட்டரு! வேரு தண்ணியில ஊறிக்கினு கீது. இன்னிக்கே தொட்டிய மாத்து. அப்புறம் முட்ட ஓட்டக் காய வெச்சு..."

பின்சீட்டிலிருந்து ஒருவர் முன்னால் எக்கிப் பார்த்தார். "டாக்டரே, பேசிக்கினே எங்க ஸ்டாப்பத் தாண்டிட்டியேப்பா!"