பின்வரிசை ஒன்பது

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரவாங் டவுன் கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, என் காதில் விழட்டும் என்று முதலாளியிடம் சத்தமாகச் சொன்னவர் அவர். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு பாஸ், கம்ப்யூட்டர் சர்வர் வேலை? கவுண்டர்ல ஒக்காந்து பில் போடச் சொல்லுங்க லா." கேபிள் இழுப்பவர். பாசிர் பெனம்பாங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் வாயால் 'அண்ணே' என்பேன், மனசுக்குள் வேறு மாதிரி கூப்பிடுவேன். மூன்று வருடம் ஒரே வேனில் வேலைக்குப் போய் வந்தோம். நல்லபடியாகப் பேசிக்கொண்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த முறை எங்களை அனுப்பியது கோல சிலாங்கூருக்கு உள்ளே இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு. கோயில் மண்டபத்தை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்டி, தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்கப் போகிறார்கள். யாரோ கொடுத்த இருபது கம்ப்யூட்டர்கள், பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. கிளம்பும்போது முதலாளி எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து, கேபிள்காரரைப் பார்த்துச் சொன்னார். "போன மாசம் கிளினிக்ல ஒங்க கேபிளால மானம் போச்சு. இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா நீங்க வர வேணாம்." கேபிள்காரரின் மகள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் மனசு குளிர்ந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கோயில் கமிட்டித் தலைவர் அந்தத் தோட்டத்தின் பழைய மண்டோர், கங்காணி. வேலையாட்களை அதட்டிய குரல் ஓய்வு பெறவில்லை. புதன்கிழமை நாங்கள் போனதும் சட்டம் போட்டுவிட்டார். பூசை போடாமல் எந்தப் பெட்டியையும் தொடக்கூடாது. பூசைக்கு ஒரே ஒரு பெட்டி. மிச்சத்தைச் சனிக்கிழமை காலையில், ராகு காலம் கழிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். சரி என்றேன். ஒரு கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் காட்டினார்கள். கேபிள்காரர் கிறிஸ்தவர். வெளியில் வேன் பக்கத்தில் நின்று, கடையில் பொட்டலம் கட்டி தப்பாவ் பண்ணி வந்த நாசி லெமாக் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார். தலைவர் அதைக் கவனித்துக்கொண்டார்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒன்றும் இருக்காது. பட்டனை அழுத்தியதும் அது கேபிள் வழியாகச் சர்வரைக் கூப்பிடும். சர்வர் முதலில் ஒரு குட்டி சிஸ்டத்தை அனுப்பும். அந்தக் குட்டி கண் விழித்து, மறுபடியும் அதே கேபிள் வழியாகப் போய், முழு சிஸ்டத்தையும் வாங்கி வந்து உள்ளே போட வேண்டும். அதற்கு அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டை ஓட்டத் தெரிய வேண்டும். ஓட்டத் தெரியும் அந்தச் சின்ன புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். நான் சந்தனம் வைத்த கம்ப்யூட்டரின் டிரைவரைப் போட்டுச் சர்வரைத் தயார் செய்தேன். முதல் தடவையிலேயே ஓடியது. தலைவர் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சம் பத்தொன்பதும் அதே கம்பெனி, அதே கறுப்புப் பெட்டி. பிறகென்ன?

சனிக்கிழமை பத்தரைக்குப் பெட்டிகளை வராந்தாவில் பிரித்தோம். உள்ளே புது வெள்ளை டைல்ஸ், செருப்புக்கூடப் போடக்கூடாது என்று உத்தரவு. அடுக்கியிருந்த வரிசைப்படியே எடுத்து, முன்வரிசையில் பதினொன்று, பின்வரிசையில் ஒன்பது வைத்தோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தட்டினேன். முன்வரிசை பதினொன்றும் கிளம்பிவிட்டன. பின்வரிசை ஒன்பதும் குட்டி சிஸ்டம் வரைக்கும் வந்து, நெட்வொர்க் இல்லை என்று நின்றுவிட்டன. பின்வரிசைக் கேபிள்களை அவர் கடைசியாக, அவசரமாக இழுத்திருந்தார். எனக்கு அதுவே போதும்.

"கேபிள் சரியில்ல," என்றேன், தலைவருக்குக் கேட்கும்படி.

கேபிள்காரர் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் குந்தி, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கேபிள் சரியில்லன்னா இந்தப் படம் எப்படி வந்துச்சு? இதே கேபிள்லதானே வந்துச்சு? முன்னாடி உள்ள மிஷின் ஒன்னக் கொண்டாந்து இங்க சொருகிப் பாரு, தெரிஞ்சிரும்."

அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. குட்டி சிஸ்டம் வந்து சேர்ந்த பிறகு கேபிளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வேலையில் முதல் நாள் கற்றுக்கொடுக்கும் பாடம் அது. அதை என் வாயால் சொல்லாமல் அவர் வாயால் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்க கேபிள் வேலையப் பாருங்கண்ணே. இது ஒங்களுக்குப் புரியாது," என்றேன்.

தலைவர் இடையில் புகுந்தார். "அன்னிக்கே நெனைச்சேன். சாமி கும்பிடுற நேரத்துல வெளியில நின்னு திங்கிற ஆளு. கை ராசின்னு ஒன்னு இருக்கு லா."

கேபிள்காரர் முகம் சிவந்தது. என்னைப் பார்த்தார். அப்படிப் பேசாதீங்கய்யா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு அந்த அசிங்கமான பேச்சு எனக்குத் தோதாக இருந்தது.

"ஒன்பது கேபிளுக்கும் ரெண்டு பக்கத் தலையையும் வெட்டிட்டு புதுசா மாட்டுங்க," என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பின்வரிசை மேசைகளுக்கு அடியில் போனார்.

நான் வராந்தாவுக்குப் போய்ப் பெட்டிகளின் அடியில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தேன். பின்வரிசைக்குப் போன ஒன்பதின் பெட்டிகளில் வேறு நம்பர். பின்னால் செய்த சரக்கு, நெட்வொர்க் கார்டு வேறு. பூசை போட்ட கம்ப்யூட்டர் மட்டும்தான் கம்ப்யூட்டர் என்று நம்பி வேலை செய்திருந்தேன். ஒரு மனுஷியிடம் அளவெடுத்து ஊருக்கே ரவிக்கை தைத்த கதை. போனில் இணையம் பிடித்து, அந்தக் கார்டுக்கான டிரைவரை இறக்கி, குட்டி சிஸ்டத்துக்குள் சேர்த்து, சர்வரில் மாற்றினேன். முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் மேசைக்கு அடியில் இருந்தார். இடையிடையே, கேபிள் தலையை இறுக்கும் கிரிம்பர் கடிக்கும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சதாண்ணே?"

"முடிஞ்சது."

ஒன்பதையும் தட்டினேன். ஒன்பதும் வந்தன.

தலைவர் அப்போதே என் முதலாளிக்குப் போன் போட்டார். "கேபிள்தான் சார் கோளாறு. ஒங்க கடைப் பொண்ணு கண்டுபிடிச்சா. இல்லன்னா நாளைக்கு எங்க மானம் கப்பலேறியிருக்கும்." போன் என்னிடம் வந்தது. கேபிளா என்று முதலாளி கேட்டார். ஆமாம் பாஸ் என்றேன். அதைச் சொல்ல எனக்கு மூச்சு விடும் நேரம்கூடத் தேவைப்படவில்லை. போனைக் கேபிள்காரரிடம் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சரி பாஸ்," என்றார். போனைத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"திங்கக்கெழமலேர்ந்து வர வேணாமாம்." குரலில் கோபமே இல்லை. "ஒன்னு கேக்கட்டா? ஒன்பது கேபிள், பதினெட்டுத் தலை. வெட்டிப் போட்ட துண்டெல்லாம் எங்க?"

தரையைப் பார்த்தேன். கேபிள் தலையை வெட்டினால் ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று வயர்த் துண்டு சிதறும். அந்த வெள்ளை டைல்ஸில் ஒரு துண்டு இல்லை. அவர் ஒன்றையும் வெட்டவில்லை. முக்கால் மணி நேரம் வெறும் கிரிம்பரை அழுத்திச் சத்தம் எழுப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் என்ன செய்கிறேன் பார்க்கலாம் என்று.

"என்ன துண்டு?" என்று தலைவர் கிட்டே வந்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். முதலாளியின் நம்பர் அந்தப் போனிலேயே இருந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒருவர் என்னைப் பெரிய ஆளாகப் பார்த்த பார்வை அது. அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

"குப்பைங்கய்யா. நான் அப்பவே பெருக்கிட்டேன்," என்றேன்.

கேபிள்காரர் அறையின் நாலு மூலையையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். கிரிம்பரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"ஒன்னப் போயி கவுண்டர்ல ஒக்கார சொன்னேனே. நீ நல்லா மேல வருவ லா."

அந்த அறையில் துடைப்பம் கிடையாது. திறப்பு விழாவுக்கு வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலில், முதல் வரியில் அதைத் தலைவர் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.